இரண்டு வரிசை மெனு

என் வேலையைத் தொட மாட்டேன் என்று அண்ணன் சொல்லியிருந்தான். இணையதளம் செய்து தரும் தொழில் அவனுடையது. நான் அவனிடம் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவின் தளம்தான் நான் தனியாகச் செய்யும் முதல் வேலை. மாலை நான்கு மணிக்குத் திறக்க வேண்டும். ஒழுங்காக முடித்தால் இனி எனக்கென்று தனி வேலைகள் தருவதாகப் பேச்சு.

தளத்தின் உச்சியில் இருக்கும் மெனுவை அண்ணன் எப்போதும் தீமில்தான் போடுவான். தீம் என்றால் தளத்தின் மொத்தத் தோற்றம். மெனுவுக்கென்று அதிலேயே ஓர் இடம் இருக்கும். எனக்கு அது போதவில்லை. 'அவசர சிகிச்சை' சிவப்பில், முதலில், செல்போனிலும் பளிச்சென்று தெரிய வேண்டும். அதனால் தீமைத் தொடாமல், பிளகின் என்ற துணை மென்பொருள் ஒன்றைத் தனியாகச் சேர்த்து அதில் மெனு செய்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், என் மெனுவுக்குக் கீழே இன்னொன்று. அதே பக்கங்கள், சாம்பல் நிறம், அவசர சிகிச்சை கடைசியில். எங்கிருந்து முளைத்தது? தீமுக்குள் போய் அழித்தேன். கால் மணி நேரத்தில் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. பிளகின்தான் இரண்டாகக் காட்டுகிறதோ என்று அதை நிறுத்திப் பார்த்தேன். என்னுடையது போய், சாம்பல் மட்டும் நின்றது. பிளகினைத் திரும்பப் போட்டு, சாம்பலை மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. மண்டை காய்ந்துவிட்டது.

மூன்றே முக்காலுக்கு டாக்டரம்மா போன் செய்து, இரண்டு வரிசையில் எதை அமுக்க வேண்டும் என்று கேட்டார். எனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஒரு நிமிடம் என்று சொல்லி வைத்துவிட்டு, வெட்கத்தை விட்டு அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் புலம்பினான். தீம் கெட்டுவிட்டதாம். மதியத்திலிருந்து மெனு போடப் போட மாயமாகிறதாம்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தொட மாட்டேன்னு சொன்னியே."

"சும்மா எட்டிப் பாத்தேன். மெனு போடற எடத்துல ஒண்ணுமே இல்ல. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

தளம் வெளியே எப்படித் தெரிகிறது என்று அவன் பார்க்கவே இல்லை. தனக்குப் பழகிய இடத்தை மட்டும் பார்த்திருக்கிறான். வேறு எங்காவது வைத்திருப்பேன் என்று தோன்றவில்லை. மறந்திருப்பேன் என்றுதான் தோன்றியிருக்கிறது. அதுதான் வலித்தது. அவன் மெனுவே இருந்து தொலையட்டும் என்று கோபத்தில் என் பிளகினை நீக்கினேன். அதே நேரத்தில் அவனும் மனசு கேட்காமல் தன்னுடையதை அழித்திருக்கிறான். தளத்தின் உச்சி வெறுமையாக நின்றது.

"இப்ப ரெண்டுமே இல்ல," என்றேன்.

 லேப்டாப் மூடப்படும் சத்தம் போனில் கேட்டது.

"மூடிட்டேன். நீயே போடு."

நான்கு அடிக்க எட்டு நிமிடம் இருந்தது. இத்தனை நாள் நான் கேட்டது இதைத்தான். கையில் கிடைத்ததும் பயமாக இருந்தது.