பல் டாக்டர் வீட்டுக்கு வந்த கடல்

பல் டாக்டர் வீட்டுக்குள் கடல் முதன்முதலில் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. வாசல் வழியாகவோ சன்னல் வழியாகவோ வரவில்லை. தரையிலிருந்தே மெல்ல எழும்பி, முழங்காலுக்கு நாலு விரல் கீழே வந்து நின்று, பத்தே முக்காலுக்கு வடிந்துபோனது. தெருவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நல்ல வெயில் அடித்ததால் பக்கத்து வீட்டில் போர்வை காயப்போட்டிருந்தார்கள். சிகிச்சை நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த தபால்காரர், தன் செருப்புகள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் மிதந்து எக்ஸ்ரே அறைப் பக்கம் போவதைப் பார்த்தார். வாயில் பஞ்சு இருந்ததால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பாதி தோண்டிய பல்லை அப்படியே விட முடியாது என்பதால் டாக்டரும் வேலையை நிறுத்தவில்லை.

டாக்டரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீட்டின் முன்பக்கம் மருத்துவமனை, பின்பக்கம் குடித்தனம். காத்திருப்போர் கூடத்தில் ஆளுயர நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. பல் பிடுங்க வந்தவர்கள் அதைப் பார்த்தே பாதி பயம் தெளிந்தார்கள். ஏழு வருடங்களுக்கு முன்னால், பல்வலி தீர்ந்த சந்தோஷத்தில் ஒருவர் மஞ்சள் மீன் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுக்க, டாக்டர் அதை அப்படியே தொட்டியில் விட்டார். மூன்றாம் நாள் அதன் மேல் உப்பு தூவினதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்பதாம் நாள் பதினான்கு மீன்களையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அன்றிலிருந்து, பல் காட்ட வருகிறவர்களைத் தவிர, வீட்டுக்குள் வருகிற எதுவும் நாற்பத்தைந்து நாள் தனியே இருந்துவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று ஆனது. புது சோபா கார் நிற்கிற இடத்தில் கிடந்து வெயிலில் வெளுத்தது. ஒரு கல்யாணப் பத்திரிகை உறையோடு இருந்து நாள் கழித்துப் பிரிக்கப்பட்டபோது, மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் சண்டையையே போட்டு முடித்திருந்தார்கள். டாக்டருக்குக் கல் மனசு என்று சொன்னவர்கள் உண்டு. பயந்த மனசு என்பதுதான் சரி.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரே வாரத்தில் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள்: ஒரு உளுவை மீன், ஒரு சொடுக்கு இறால், டாக்டரின் அக்கா. உளுவையும் இறாலும் கடலில் ஒரே வளையில் குடியிருப்பவை. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் நாள் முழுக்க மண் தோண்டி வீட்டைச் சரிபார்க்கும். உளுவைக்குத் தோண்ட வராது, வாசலில் நின்று காவல் காக்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசையில் ஒன்றை மீனின் மேல் வைத்திருக்கும். ஆபத்தென்றால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே ஓடிவிடும். அக்காவுக்கும் கண் மங்கல். சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் காஜா எடுத்துக் கெட்ட கண். அந்தக் காஜாக்களால்தான் தங்கை பல் மருத்துவம் படித்தார். வீட்டுக்காரர் போனபின் தனியாக இருந்த அக்காவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அழைத்தது டாக்டர்தான். அழைத்துவந்து, பின்கட்டில் கடைசி அறையைக் காட்டி, நாற்பத்தைந்து நாள் என்று சொன்னதும் அவர்தான். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"நாப்பத்தஞ்சு நாள்தானே, இருந்துட்டுப் போறேன். சின்ன வயசுல உனக்கு அம்மை போட்டப்ப நான் உன்னோட ஒரு மாசம் அடைஞ்சு கிடக்கலையா?" என்றார்.

மீனுக்குச் செம்பு மருந்து உண்டு, அது முப்பதே நாளில் புள்ளி நோயைக் கொன்றுவிடும், நாற்பத்தைந்து வேண்டாம். ஆனால் அதே மருந்து ஒரு துளி பட்டால் இறால் செத்துப்போகும். ஆகவே உளுவையை மருந்துத் தண்ணீரில் எக்ஸ்ரே அறையிலும், இறாலை மருந்தில்லாத தண்ணீரில் அக்காவின் அறை முக்காலி மேலும் டாக்டர் தனித்தனித் தொட்டிகளில் வைத்தார். மீனே இல்லாத தண்ணீரில் நாற்பத்தைந்து நாள் இருந்தால், இறாலின் ஓட்டில் ஒட்டிவந்த கிருமி இடம் கிடைக்காமல் அழிந்துவிடும் என்பது அவர் கணக்கு. தொட்டிக்கொரு வலை, தொட்டிக்கொரு குவளை. செம்புத் தொட்டியின் குவளைக்குச் சிவப்பு நாடா, இறால் குவளைக்கு நீல நாடா. அக்காவின் தட்டுக்கும் தம்ளருக்கும்கூட நீல நாடா. ஆவியாகிக் குறைகிற அளவுக்குத் தினமும் காலையில் நல்ல தண்ணீர் ஊற்றும் வேலையை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். சும்மா இருந்து பழக்கமில்லாதவர். படுக்கையில் கிடந்தபடி இறால் கொடுக்கைச் சொடுக்கும் சத்தத்தைக் கேட்பார். யாரோ விரல் சொடுக்கித் தன்னைக் கூப்பிடுவதுபோல் இருக்கும், ம்ம் என்று பதில் சொல்வார். டாக்டர் காலையும் மாலையும் வாசற்படியில் நின்று சாப்பிட்டாயா என்று கேட்பார். படியைத் தாண்டி உள்ளே வரமாட்டார். அக்கா படியின் பக்கம் பார்த்துச் சிரிப்பார். முகம் தெரியாவிட்டாலும் குரல் வருகிற இடம் தெரியும்.

முப்பதாம் நாள் மீனின் சிகிச்சை முடிந்து, டாக்டர் அதைப் பெரிய தொட்டியில் விட்டார். துணை இல்லாத உளுவை கல்லிடுக்கில் போய் ஒளிந்துகொண்டது, போட்ட இரையைத் தொடவில்லை. கழுவிக்கொண்டிருந்த சிவப்பு நாடாக் குவளையை, நோயாளி கூப்பிட்டாரென்று டாக்டர் பாதியில், அக்கா தண்ணீர் பிடிக்கிற பின்கட்டுக் குழாய்மேடையிலேயே வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வெக்கை அதிகமென்று இறால் தொட்டிக்கு இரண்டாம் தரம் தண்ணீர் ஊற்றிய அக்கா, அடியில் செம்புத் தண்ணீர் தேங்கிய அந்தக் குவளையில்தான் ஊற்றினார். ஒரு மணி நேரத்தில் சொடுக்குச் சத்தம் நின்றது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்ததில், இறால் பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பது ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அக்கா சாப்பிடவில்லை. தங்கையிடம் சொல்லவும் இல்லை. பதினான்கு மீனுக்கு ஏழு வருடம் பயந்தவளிடம் பதினைந்தாவதாக ஒன்றை எப்படிச் சொல்வது? மறுநாள் காலை, யாரிடம் என்றில்லாமல், "யாராவது வந்து இந்தத் தண்ணியை மாத்திக் குடுங்களேன்" என்றார். மணி அப்போது ஒன்பது தாண்டியிருந்தது.

கடல் எல்லா அறைகளுக்கும் போனது, ஆனால் முக்காலித் தொட்டியின் விளிம்பு வரை ஏறினது அக்காவின் அறையில் மட்டும்தான். விளிம்பைத் தாண்டி உள்ளே போய், கொஞ்ச நேரம் இருந்து, பழைய தண்ணீரை எடுத்துக்கொண்டு, இறாலையும் புதுத் தண்ணீரையும் விட்டுவிட்டு வெளியேறியது. வடிந்தபின் சுவரில் மெல்லிய உப்புக் கோடும், கட்டிலுக்கு அடியில் ஒரு சீப்பும் இருந்தன. சீப்பு யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. மதியம் இறால் ஒரு தரம் சொடுக்கியது. அக்கா ம்ம் என்றார், சொல்லும்போதே அழுதுவிட்டார்.

டாக்டர் உப்புமானியில் பார்த்தார். நல்ல கடல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கிருந்தோ வந்த கடல், அதில் என்ன நோய் இருக்கிறதோ. நாட்காட்டியில் முப்பத்தொன்று என்று எழுத வேண்டிய கட்டத்தில் முதல் நாள் என்று எழுதினார். மறுநாள் கடல் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தது, அந்தக் கட்டத்திலும் முதல் நாள் என்று எழுதினார். இப்படிப் பதினொரு கட்டங்கள் முதல் நாளாகவே நின்றன. கூடத்தில் உளுவை இளைத்துக்கொண்டே போனது. பின்கட்டில் இறால் தோண்டுவதும், வாசலில் யாரும் இல்லையென்று பாதியில் விடுவதுமாக இருந்தது. பல் காட்ட வருகிற நாங்களெல்லாம் கடலுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டோம். பதினொரு முதல் நாளுக்குத்தான் எங்களால் பழக முடியவில்லை.

பதினோராம் கட்டத்தை டாக்டர் எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா பையை மூடிக் கட்டில்மேல் வைத்திருந்தார்.

"எனக்கும் முதல் நாள்தானா?"

"ஒரே ரூம்தானேக்கா" என்றார் டாக்டர், படிக்கு வெளியே நின்றபடி.

"அப்போ நான் கிளம்பறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்கு உன் இறாலைக் கொன்னது நான்தான். எந்தக் குவளைன்னு தெரியாம ஊத்திட்டேன். நான் கேட்டுக்கிட்டேன்னு கடல் வந்து காப்பாத்துச்சு. அதைப் போய் நோய்னு எழுதாதே. அது பாவம், உதவி பண்ண வந்தது."

டாக்டர் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு தரச் சொல்லி, சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்த்தார். செம்பு துளியும் இல்லை. குழாய்மேடைக்குப் போய்க் குவளைகள் இரண்டையும் கையில் எடுத்தார். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம். நிறம் தெரியாத அக்காவுக்கு நிறத்தால் அடையாளம் வைத்த தங்கை அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டார். எத்தனையோ பேர் வாய்க்குள் கடுகளவு ஓட்டையைக் கண்டுபிடித்த கண் அது. பிறகு திரும்பி வந்து, முதல் தரமாகப் படியைத் தாண்டி, கட்டிலில் அக்காவை ஒட்டி உட்கார்ந்து, நீல நாடாத் தம்ளரில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்தார். "என்னை மன்னிச்சுடுக்கா" என்றார். பையின் முடிச்சை இருவரும் சேர்ந்துதான் அவிழ்த்தார்கள். குவளைகளில் இருந்த நாடாக்களைப் பிரித்துவிட்டு, செம்புக் குவளையின் பிடியில் மட்டும் அக்கா நூலைச் சுற்றிக் கெட்டியாகக் காஜா போட்டார். தொட்டாலே தெரியும்.

முதலில் எண்ணிய கணக்கே கணக்கு என்று முடிவானது. மீதி நாலு நாளும் கழிந்தபின், சலைன் ஏற்றும் குழாயை மாட்டி, பெரிய தொட்டித் தண்ணீரை இறாலின் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் கலந்தார்கள். சொட்டுகளை எண்ணியது அக்காவின் காது. வேகம் கூடினால் "மெதுவா" என்பார், டாக்டர் திருகைத் திருப்புவார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக இறாலை உளுவையின் கல்லுக்கு முன்னால் இறக்கினார்கள். அது கொஞ்சம் தடுமாறியது. மீசையை இங்கும் அங்கும் நீட்டியது. கல்லிடுக்கிலிருந்து வெளியே வந்த உளுவை பக்கத்தில் போய் அசையாமல் நின்றது. மீசை அதன் மேல் பட்டது. அரைமணி நேரத்தில் மண் வெளியே வந்து விழத் தொடங்கியது. சாயங்காலம் உளுவை சாப்பிட்டது. டாக்டர் தொட்டியைப் பார்த்தா கடலைப் பார்த்தா என்று தெரியவில்லை, கைகூப்பி நின்றார்.

அக்கா இப்போது சிகிச்சை அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கடல் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அவருக்கு வாசனை தெரிந்துவிடும். ஒருநாள் தபால்காரர் பல் அடைத்து முடித்த தெம்பில், "இறாலுக்கு உளுவை மாதிரி உங்களுக்குத் தங்கச்சி கிடைச்சாங்க" என்றார்.

"நானா இறால்? நாள் முழுக்கத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தோண்டுறது யாரு?" என்று கேட்டார் அக்கா.

உள்ளே துளைக்கருவியின் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது. சிறிது நேரத்தில் அக்கா "தண்ணி வருது" என்று குரல் கொடுத்து எழுந்து உள்ளே போனார். டாக்டர் நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டினார். அங்கே அக்காவின் தோள் இருந்தது. அதைப் பிடித்து உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்து, வேலையைத் தொடர்ந்தார். கடல் தன்பாட்டுக்கு வந்து நின்றுவிட்டுப் போனது. வருகிறவர்களிடம் அக்கா செருப்பை மேலே எடுத்து வைக்கச் சொல்வதோடு சரி.