மாமனார் அறை ஹீட்டர்

காலையில் மருமகள் கஞ்சியோடு போனபோது மாமனாரின் அறை சில்லென்று கிடந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமே ஆகியிருந்த அவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஹீட்டர் ஓடலையா மாமா?”

“பழசும்மா. தூக்கிப் போட்டுடு.”

அவள் தையல் ஆலையில் மெஷின் மெக்கானிக். எதையும் திறந்து பார்க்காமல் தூக்கிப் போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. லாரி ஓட்டும் கணவன் ஊர் திரும்ப நான்கு நாள் ஆகும். அன்று விடுமுறை வேறு.

அதே பிளக் பாயிண்டில் மேசை விளக்கைச் செருகினாள், எரிந்தது. ஹீட்டரைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, மின்சாரம் சோதிக்கும் மீட்டரை எடுத்தாள். வயரில் குறையில்லை. பின்மூடியைக் கழற்றினாள். சுருள்கம்பியும் நன்றாகவே இருந்தது. அதன் பக்கத்தில் விரல்நுனி அளவில் ஒரு ஃபியூஸ். சூடு எல்லை மீறினால் தானே அறுந்து மின்சாரத்தை நிறுத்துவது. அதுதான் போயிருந்தது.

ஃபியூஸை விட்டுவிட்டு இரண்டு வயர் முனைகளையும் நேராக முறுக்கிவிட்டால் ஐந்து நிமிட வேலை. அவள் கை அதற்குப் போகவில்லை. சும்மா அறுந்திருக்காது.

மூடியைத் திருப்பினாள். காற்றுப் போகும் வலையில் பொசுங்கிய நீல நூல். அதனருகே உருகி ஒட்டிய ஒரு பொத்தான். மாமனாரின் பைஜாமா நீலம்.

அடுத்த அறையில் அவள் மகள் தூங்குகிறாள்.

“மாமா, இது மேல துணி போட்டீங்களா?”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வீடு பத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?” குரல் உயர்ந்துவிட்டது.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “ஆபரேஷனுக்கு அப்புறம் தூக்கத்துல எனக்கே தெரியாம ஒண்ணுக்குப் போயிடுதும்மா. பைஜாமாவ நானே அலசி இது மேல காயப்போட்டேன். உன் கையில அதைக் குடுக்க மனசு வரல.”

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. மூன்று வாரமாக, தள்ளாடும் காலோடு, இருட்டில் தனியாகத் துணி அலசியிருக்கிறார்.

“உங்க பிள்ளைகிட்ட சொல்லமாட்டேன். ஆனா டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும்.”

“மெஷினுக்கு மட்டுந்தான் நீ டாக்டரா?” என்று சிரிக்கப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. அவள் பார்க்காததுபோல் எழுந்து கடைக்குப் போனாள்.

பழைய ஃபியூஸில் பொறித்திருந்த அதே சூட்டளவில் ஒன்று வாங்கி வந்தாள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே புதியதும் அறுந்துவிடும். சிறு உலோகக் குழலில் இரு முனைகளையும் செருகிக் குறடால் இறுக்கினாள். உள்ளே அடைந்திருந்த பஞ்சைத் தூரிகையால் தட்டி எடுத்தாள். அரைமணி நேரம் ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சூடு சீராக வந்தது.

மறுநாள் டாக்டர், நீர் பிரிய இரவில் கொடுத்த மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். அடியோடு நிற்கவில்லை, குறைந்தது.

வாரக் கடைசியில் ஒரு காலை மாமனாரே வாளியோடு கூடத்துக்கு வந்தார். தலை குனியவில்லை.

“இன்னைக்கு ஒண்ணு இருக்கும்மா.”

“வைங்க மாமா. என் துணியோட சேத்துப் போட்டுடறேன்.”