முப்பத்தேழு, ஆஜர்

1

இது திருட்டுச் சரக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா மகள் என்னிடம் கேட்டது வேறு. அவள் கல்லூரியில் முதலாண்டுக்காரர்கள் எல்லோரும் 'என் கற்றலும் பழகலும்' என்று இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம்.

"நீதான் எழுதறவளாச்சே சித்தி, ரெண்டு பக்கம் எழுதிக் குடேன்."

"என்ன நடந்துச்சுன்னு சொல்லு. பாக்கலாம்."

சொன்னாள். ஒரு மணி நேரம் சொன்னாள். "இத நீ எழுதாத. மறுபடி விசாரிக்க ஆரம்பிச்சுடுவாங்க. நானே எழுதிக்கறேன்" என்றேன்.

அவள் நேர நிர்வாகம், ஒழுக்கம், தன்னம்பிக்கை மூன்றையும் கற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். பத்துக்கு ஒன்பது. அதில் வராதது எல்லாம் இங்கே.

2

முதல் தொடக்கம்: 'கார்மேகம் திரண்ட அந்தக் காலையில், கனவுகள் ததும்பும் விழிகளோடு அவள் கல்லூரி வாசலில்—'

(அடித்துவிட்டேன். விழிகளில் ததும்பியது தூக்கம். மேகமும் கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: 'மனிதர்கள் ஏன் தவறான அறையில் உட்கார்ந்தே இருந்துவிடுகிறார்கள்?'

(இது கட்டுரை. கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் எனக்கே பதில் தெரியாது.)

மூன்றாவது, நடந்தபடியே: அந்தக் கல்லூரியில் இரண்டு கட்டடங்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒரே மஞ்சள் பூச்சு, ஒரே மாதிரிப் படிக்கட்டு, இரண்டிலும் இருநூற்று நாலாம் எண் அறை. அவள் இயற்பியலில் சேர்ந்தவள். முதல் நாள் ஓட்டமும் நடையுமாக வந்து, ஒரு இருநூற்று நாலுக்குள் நுழைந்து, நீளமான பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் கழித்து ஆசிரியர் பைக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்தார். அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, "இதோட வயசு என்ன, யாராவது சொல்லுங்க பாப்போம்" என்றார்.

அது நிலவியல் வகுப்பு.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் வெளியே போக ஆறு பேரை எழுப்பவேண்டும். அறுபது பேர் பார்ப்பார்கள். மணி அடிக்கட்டும் என்று இருந்தாள். அப்போது பக்கத்தில் இருந்த பெண் குனிந்து, "எனக்கு ஒண்ணுமே புரியல. உனக்கு?" என்று கேட்டாள்.

விடுதிக்கு வந்து மூன்று நாளாகியும் அவளிடம் ஒருவரும் வாய் திறந்து பேசியிருக்கவில்லை. இதுதான் முதல் பேச்சு.

"எனக்கும்தான்" என்றாள். இந்தக் கதையில் அவள் சொல்லும் உண்மைகளில் இது முக்கியமானது.

3

வருகைப்பதிவை அந்த ஆசிரியர் எண் சொல்லித்தான் எடுப்பார். (மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கல்லு சார். அது அவருக்குத் தெரியும், கோபமும் இல்லை.) "முப்பத்தேழு" என்றார். பதில் இல்லை. கடைசி எண் வரை போய்விட்டு, மறுபடி "முப்பத்தேழு!" என்றார். வகுப்பே தலையை எண்ணிப் பார்த்தது. இன்னும் ஆஜர் சொல்லாதவள் ஒருத்திதான். அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆஜர் சார்" என்றாள்.

(இந்த இடத்தில் அவள் மனப்போராட்டத்தை முக்கால் பக்கம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "அப்படியெல்லாம் ஒண்ணும் தோணல சித்தி. வாய் தானா சொல்லிடுச்சு" என்றாள். முக்கால் பக்கமும் போயிற்று.)

மறுநாள் சரியான அறைக்குப் போவதாகத்தான் கிளம்பினாள். எதிர்க் கட்டடப் படியில் கால் வைக்கும்போது, "ஏய் முப்பத்தேழு, இடம் போட்டு வெச்சிருக்கேன், சீக்கிரம் வா" என்று அந்தப் பெண் கத்தினாள். போய்விட்டாள். அப்படியே ஐந்து வாரம்.

4

அந்தத் தோழியை எழுதுவதில் எனக்கும் அக்கா மகளுக்கும் தகராறு. நெட்டை என்பது அவள் பட்டப்பெயர். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். அவளை நான் கலகலப்பானவளாக எழுதினேன். என் ஆளுக்குப் பிடிக்கவில்லை.

"அவ கலகலன்னு எல்லாம் இருக்கமாட்டா. ரெண்டாவது வாரம் மாடிப்படிக்குக் கீழ உக்காந்து அழுதா. இங்க்லீஷ்ல நடத்தறது ஒண்ணும் விளங்கல, வீட்டுக்குப் போயிடறேன்னா. நான்தான் தினமும் சாயந்திரம் அவளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தேன்."

"அது உன் பாடமே இல்லியேடி?"

"அவளுக்குச் சொல்லிக்குடுக்கணும்னு நான் படிச்சேன்."

படித்த படிப்பில், முதல் தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் முப்பத்தேழுக்கு. நெட்டையும் தேறிவிட்டாள். கல்லு சார் விடைத்தாளை உயர்த்திக் காட்டி, "பாறைய நேசிக்கற பிள்ள" என்றார். இயற்பியல் பிள்ளை தலை குனிந்துகொண்டது.

5

ஆறாவது வாரம் திங்கட்கிழமை உண்மையான முப்பத்தேழு வந்தாள்.

சேர்ந்த கையோடு கால் முறிந்து ஊரில் கிடந்தவள். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல், பின்னால் பையைச் சுமந்துகொண்டு அப்பா. அப்பா ஓட்டுநர், காக்கிச் சட்டையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். கல்லு சார் பதிவேட்டைப் பார்த்துக் குழம்பிப்போய், "முப்பத்தேழு தினமும் வந்திருக்கே. பரீட்சைல முதல் மார்க்கு வேற" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "படுத்த படுக்கையா இருந்தே முதல் மார்க்கா!"

"அப்பா, சும்மா இருங்க. நான் எழுதவே இல்ல."

"அடக்கம் சார் அவளுக்கு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

வகுப்பு சிரித்தது. நம்மவள் பேசாமல் இருந்திருந்தால் கொஞ்ச நேரம் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் மகளின் விடைத்தாளைக் கையில் வாங்கி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பிரிக்கப் போனார். அதை அவளால் பார்க்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"சார், அது நான். நான் முப்பத்தேழு இல்ல."

"அப்ப நீ யாரும்மா?"

"ஃபிசிக்ஸ் சார். எதிர் பில்டிங்."

கூரை பறக்கும்படி சிரித்தார்கள். கல்லு சார்கூடக் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த அப்பா. விடைத்தாளை மடிப்புக் கலையாமல் மேசைமேல் திருப்பி வைத்தார். இன்னொருத்தி நெட்டை.

"என் அழுகை முழுக்க உனக்குத் தெரியும்" என்றாள் வெளியே வந்து. "நீ எந்த டிபார்ட்மெண்டுன்னுகூட எனக்குத் தெரியாது."

போய்விட்டாள்.

6

அதே வாரம் இயற்பியல் துறையிலிருந்து அக்காவுக்குக் கடிதம் போயிற்று: தங்கள் மகள் இதுவரை ஒருநாளும் வகுப்புக்கு வரவில்லை.

"எங்கடி போற தினமும்?"

"கிளாசுக்குத்தாம்மா."

"எந்தக் கிளாசுக்கு?"

"அங்கதாம்மா சிக்கல்."

துறைத்தலைவி கண்டித்தார், மன்னிப்புக் கடிதம் வாங்கினார். கல்லு சார் இடையில் புகுந்து ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். நிலவியலில் ஒரு இடம் காலி, விரும்பினால் மாறிக்கொள்ளலாம். இந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் தரவேண்டும்.

நெட்டை ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள், நம்மவள் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது கொடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கொடிக்கு மேலே முகம் தெரிந்தது.

"உன் நிஜ நம்பர் என்ன?"

"பன்னெண்டு."

கொஞ்சம் யோசித்தாள். "நல்லாவே இல்ல. நீ முப்பத்தேழாவே இரு."

ஒரு ஈரத் துண்டின் மறுமுனையைப் பிடித்துப் பிழிய ஆரம்பித்தாள்.

7

இனி முடிவு. இரண்டு எழுதினேன்.

அ. நிலவியலுக்கு மாறுகிறாள். கல்லு சார் கைதட்டுகிறார், நெட்டை ஓடிவந்து கட்டிக்கொள்—

("அவ கட்டிக்கற ஆளே இல்ல சித்தி.")

ஆ. இயற்பியலுக்கே திரும்புகிறாள். விட்ட பாடங்களை விழுந்து விழுந்து படித்து—

(இது அக்கா கேட்ட முடிவு. பள்ளிக்கூடத்திலிருந்தே இயற்பியல் என்று ஒற்றைக்காலில் நின்றவள் மகள்தான் என்று அக்கா சத்தியம் செய்கிறாள். மகளும் மறுக்கவில்லை. "ஆமா, இப்பவும் புடிக்கும். கல்லும் புடிக்குது. நெட்டைக்காகப் புடிக்குதா, கல்லுக்காகப் புடிக்குதான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல.")

இரண்டையும் அவளுக்கு அனுப்பினேன். இன்று புதன்கிழமை. காலையில் கூப்பிட்டாள்.

"சித்தி, விண்ணப்பம் இன்னும் பைலதான் இருக்கு. ஒண்ணு பண்ணு. கதைய நீயே முடிச்சு அனுப்பு. எப்படி முடிக்கறியோ, அப்படியே செஞ்சுடறேன்."

8

கதைகளில் நான் மூன்று பேரைச் சாகடித்திருக்கிறேன், ஒரு குடும்பத்தைப் பிரித்திருக்கிறேன். ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தில் டிக் போட என் கை வரவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன்: "கதைய முடிக்கல. அப்படியேதான் அச்சுக்குப் போகுது."

"அப்ப நான் என்ன பண்றது?"

"தெரியலடி."

"எழுதறவங்க எல்லாம் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அலுவலக ஜன்னலை மூடிவிடுவார்கள். உங்களுக்கு நல்ல யோசனை ஏதாவது தோன்றினால் அதற்குள் அவளிடம் நேரில் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம். நான் எழுதிவிடுவேன்.