தொட்டால் எரியும் பல்பு

என் வீட்டுக்காரர் ரியாசுதீன் ஒரு பல்பு வைத்த கருவி செய்தார். பழவேற்காடே அதை மெச்சியது. எனக்கு மட்டும் இன்றைக்கும் அதைப் பார்த்தால் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல வரும்.

கடைத்தெருக் கோடியில் எங்கள் லேத் பட்டறை. விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட் கடைவதுதான் முக்கியமான வேலை. எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் இருக்கும் விசிறிவரை போகிற நீளமான இரும்புத் தண்டு அது. துளி வளைந்திருந்தாலும் படகு உதறும். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் பிறகு காற்று தள்ளுகிற பக்கம்தான் பயணம். அதனால் கடைந்து முடித்ததும் ரியாசுதீன் தண்டை மெல்லச் சுற்றவிட்டு, மேலே ஒரு விரலை லேசாக வைப்பார். வளைவு இருந்தால் விரல் ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அந்த விரலுக்குத் தெரியும்.

எண்பத்திரண்டாம் வருஷம் அடுத்தடுத்து இரண்டு ஷாஃப்ட் கெட்டுத் திரும்பி வந்தன. அதில் ஒன்று லைட்ஹவுஸ் குப்பத்து வரதனுடையது. வரதன் எங்களுக்குப் பழைய வாடிக்கைக்காரர், சண்டை போடுகிற உரிமையும் உள்ளவர்.

"இன்னா பாய், படகு ஜன்னி கண்ட மாதிரி உதறுது? தூங்கிக்கினே கடைஞ்சியா?" என்று வாசலிலேயே கத்தினார்.

"மிஷினுக்கு வயசாயிடுச்சு வரதா. எங்கயோ ஆட்டம் குடுக்குது" என்றார் இவர்.

சும்மா சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். மிஷினைக் கழற்றினார், மாட்டினார், எண்ணெய் விட்டார். ஒன்றும் சரிப்படவில்லை. அப்புறம்தான் அந்தப் பல்பு வந்தது. ஒரு மரக்கட்டையில் ஊசியைப் பதித்து, அதிலிருந்து ஒயர் இழுத்து, டார்ச் பல்பும் பேட்டரியும் சேர்த்து, இன்னொரு ஒயரை மிஷினில் கட்டினார். ஊசி தண்டைத் தொட்டால் பல்பு எரியும், விலகினால் அணையும். ஊசியைத் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டுத் தண்டைச் சுற்றுவார். ஒரு சுற்று முழுக்க அணையாமல் எரிந்தால் தண்டு நேர். நடுவில் கண்சிமிட்டினால் அந்த இடத்தில் வளைவு. அவ்வளவுதான் விஷயம்.

"விரல்கூட ஏமாத்தும் ஜொஹரா, இது ஏமாத்தாது" என்றார்.

அதன் பிறகு ஒரு ஷாஃப்ட்கூடத் திரும்பி வரவில்லை. முன்னைவிடத் துல்லியம். மீஞ்சூர்ப் பக்கம் ஃபேக்டரியில் வேலை செய்கிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எங்க ஃபேக்டரில இதுக்கு சென்சார்னு பேரு பாய். நீ டார்ச் பல்புல பண்ணிட்டியே!" என்று தட்டிக்கொடுத்துப் போனார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் நாள் முழுக்க சென்சார், சென்சார்.

"சோறு வெந்துச்சானு பாக்க உனக்கும் ஒரு சென்சார் பண்ணித் தரட்டுமா?"

"முதல்ல உங்க கைக்கு ஒண்ணு பண்ணுங்க. கொதிக்கிற சட்டிய துணி இல்லாம எறக்குறீங்க."

"இது லேத்துக்காரன் கை. காய்ச்சுப் போன கை" என்று சிரிப்பார். எங்கள் மகள் ராபியா, "அத்தாவுக்கு இரும்புக் கை" என்று தெருப்பிள்ளைகளிடம் பெருமையடிப்பாள். பழுத்த இரும்புத் துருவல் கையில் விழுந்தாலும் ஊதித் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். பட்டறைக்காரன் கை அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்.

ஒருமுறை ராபியாவுக்கு உடம்பு சரியில்லை. இவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜுரமெல்லாம் இல்ல, இஸ்கூலுக்கு அனுப்பு" என்றார். நான் தொட்டேன். அனலாய்க் கொதித்தது. "இன்னா மனுஷன் நீங்க, புள்ளைக்கு ஒடம்பு நெருப்பா சுடுது!" என்று எரிந்து விழுந்தேன். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பட்டறைக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் வரதன் புதுப்படகு கட்டினார். குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது ஷாஃப்ட் மாட்டினால், அதைக் கடைந்தவர்தான் விசிறியை முதல் சுற்று கையால் சுற்றிவிட வேண்டும். அப்போது கையில் கீறல் விழுந்து ரத்தம் பட்டுவிட்டால் இன்னும் விசேஷம். படகு கேட்கவேண்டியதைக் கரையிலேயே வாங்கிக்கொண்டது, இனிக் கடலில் போய் யாரையும் கேட்காது என்பார்கள். எங்கள் மூவரையும் வரதன் தோணி அனுப்பிக் கூட்டிப்போனார்.

மணலில் தூக்கி நிறுத்திய படகு. விசிறிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ரியாசுதீன் இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. விசிறியின் ஓரம் இன்னும் அரம் போடாத கூர்மை. பக்கவாட்டில் சுண்டுவிரல் பிளந்து ரத்தம் கொட்டியது.

"ரத்தம் காட்டிட்டான்! பாய் ரத்தம் காட்டிட்டான்!" என்று வரதன் குதித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். என் வீட்டுக்காரர் அதை வழக்கமாகப் போடுகிற கூச்சல் என்று நினைத்துக் கூடச் சிரித்தார், இன்னொரு சுற்று சுற்றினார். மணலெல்லாம் சிவப்பு. அவர் தன் கையைப் பார்க்கவேயில்லை.

கூட்டத்தில் சிரிக்காதவர் ஒருவர்தான். நர்ஸ் இந்திராணி. தொழுநோய்க்காகக் குப்பம் குப்பமாகச் சுற்றுகிறவர், அன்றைக்கு அங்கே வந்திருந்தார். அவர் ரத்தத்தைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைப் பார்த்தார். துணி கட்டுகிற சாக்கில் படகு நிழலுக்கு அழைத்துப்போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே வெளுத்த ஒரு தேமல்.

"கண்ண மூடிக்கோங்கண்ணே. நான் தொடுறப்பல்லாம் தொட்ட எடத்தச் சொல்லணும்."

இவர் சிரித்த முகத்தோடு கண்ணை மூடிக் கையை நீட்டினார். இந்திராணி பேனா முனையால் சுண்டுவிரலைத் தொட்டார். அடுத்த விரலைத் தொட்டார். உள்ளங்கை ஓரத்தில், மணிக்கட்டில், தேமலின் மேல் தொட்டார். கொஞ்சம் அழுத்தியும் தொட்டார். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "ஆரம்பிக்கலாம் தங்கச்சி, நான் ரெடி" என்றார்.

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"எப்ப இருந்துண்ணே கை மரத்துப்போச்சு?" என்று கேட்டார் இந்திராணி.

அவர் யோசித்தார். "அந்த ரெண்டு ஷாஃப்ட் கெட்டப்ப இருந்துன்னு நெனைக்கிறேன். வளைவு விரலுக்குச் சிக்கல. மிஷின் கோளாறுன்னு நெனச்சேன். பல்ப வெச்சதும் வேலை ஜோரா நடந்துச்சு... அதோட மறந்துட்டேன்."

"அப்பவே வந்திருந்தா வெரலக் காப்பாத்தியிருக்கலாம்ணே. மாத்திரை சாப்ட்டா நோய் தீந்துடும், யாருக்கும் ஒட்டாது. ஆனா போன உணர்ச்சி இனிமே வராது."

நோய் தீர்ந்தது. தேமலும் மங்கியது. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சில படகுக்காரர்கள் பொன்னேரிக்கு ஷாஃப்ட் தூக்கிப் போனார்கள், போகட்டும். வரதன் வழக்கம்போல வந்து, எங்கள் தம்ளரில் டீ குடித்துவிட்டு, சண்டையும் போட்டுவிட்டுத்தான் போவார். பட்டறையில் பல்பு எரிகிறது, ஷாஃப்ட் நேராகத்தான் வருகிறது. நல்ல கருவிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அது இல்லாமல் வேலை கெட்டுக்கொண்டே இருந்திருந்தால் இந்த மனுஷன் என்றைக்கோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை.

போன பொங்கல் சமயம் குப்பத்திலிருந்து தோணியில் திரும்பினோம். துறையில் நல்ல கூட்டம், மீன் ஏலம். ராபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் பிதுங்கி வெளியே வந்தபோது, ரோட்டோரம் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"ராபியா எங்க?" என்றேன்.

"இதோ" என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

கை இறுக மூடியிருந்தது. அதில் பிள்ளையின் கை இல்லை. அவர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். அந்த முகத்தை என் விரோதியும் பார்க்கவேண்டாம்.

ராபியா ஏலக்காரர் பக்கத்தில் குந்தி நண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் ஓடிப்போய் இழுத்து வந்தேன். "அத்தா கையில இருந்து உருவிக்கினு வந்தேன், அத்தா ஒண்ணுமே சொல்லல" என்றாள். மறுபடி அவளாகவே அவர் விரல்களுக்குள் கையை நுழைத்தாள்.

வீடு வரும்வரை அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. மகள் கை தன் கைக்குள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.