மண்டியிடும் பொத்தான்

எங்கள் ராஜ்யத்தில் ஒருவர் ஐந்து ஊர்களுக்கு மேல் நேரடியாக வைத்துக்கொள்ள முடியாது. அது நாங்கள் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டின் விதி. ஆறாவது ஊர் சேர்ந்ததும் களஞ்சியத்தில் தானியம் குறையும், அதிகாரிகள் திருடுவார்கள், எல்லையில் கலகம் கிளம்பும். ஆகவே யாரையாவது சிற்றரசராக்கி, கூடுதல் ஊர்களை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். நான் முத்துப்பாண்டிக்குக் கொடுத்தேன்.

முத்துப்பாண்டி என்னோடு அரசுத் தேர்வுக்கான மாலை வகுப்பில் படிக்கிறான். சொந்த ஊர் வாடிப்பட்டிப் பக்கம். பகலில் டிராக்டர் ஷோரூமில் வேலை. நான் ஆனையூரிலிருந்து வருகிறேன். பகலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கிறேன். இருவரும் வகுப்புக்கு முன்பே வந்து, கடைசி பெஞ்சில் என் லேப்டாப்பைத் திறந்துவைத்து மாற்றி மாற்றி ஆடுவோம். பள்ளியில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அது. புதிய விளையாட்டு எதுவும் அதில் ஓடாது.

யார் அரசர் என்று நாங்கள் பேசியதே இல்லை. அவனுக்குப் படையெடுப்பு பிடிக்கும். எனக்குக் களஞ்சியமும் வரியும் பாலம் கட்டுவதும் பிடிக்கும். தொடக்கத்தில் அரசரின் பெயரைக் கேட்டபோது, அவன்தான் என் பெயரை அடித்தான். சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஆனையூரைத் தலைநகராக்கினோம். அவன் பிடித்த ஊர்களுக்கெல்லாம் அவன் பஸ் நிற்கும் ஊர்களின் பெயர்களை வைத்தான். எந்த ஊருக்கு எப்போது ஆலை, எங்கே உப்பு என்று நான் ஒரு தாளில் போட்டுவைத்துக்கொள்வேன். என் கையில் எதுவும் இப்படி வளர்ந்ததில்லை. தேர்வு இரண்டு முறை போய்விட்டது. இது மட்டும் வளர்ந்தது. இதை இழக்கக் கூடாது என்று இருந்தது. அவனையும்தான்.

விளையாட்டில் ஆண்டு பிறக்கும்போது சிற்றரசர்கள் அவைக்கு வந்து மண்டியிட வேண்டும். அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அவன் அதை அமுக்கிவிட்டு, "வந்துட்டேன் மகாராணி, சீக்கிரம் எந்திரிக்கச் சொல்லுங்க, முட்டி வலிக்குது" என்பான். "வரி பாக்கி இருக்கு, அப்பிடியே இரு" என்பேன் நான்.

அப்படி அவன் மண்டியிட்டிருந்த நேரத்தில்தான் அவனுடைய மாமன் மகன் காசிமாயன், ஏதோ சாவி வாங்குவதற்காக வகுப்புக்கு வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார்.

"யாருடா மாப்ள இது, கீழ கெடக்குறது? ஒன் பேரு போட்டிருக்கு."

"கேமு மச்சான்."

"அப்ப மேல உக்காந்திருக்கது?"

"நான்தான்" என்றேன்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"ஆனையூர்."

"அது இப்ப. பூர்வீகம்?"

சொன்னேன்.

"அட, நம்ம பக்கந்தான். அங்கன எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். அம்மா வீட்டில் எல்லோரும் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். தெருப் பெயரே அதைச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். "சும்மா, நம்ம குரூப்புல போடத்தான்" என்று சிரித்தார். முத்துப்பாண்டியும் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன்.

அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் முத்துப்பாண்டி வகுப்புக்கு வரவில்லை. திங்கட்கிழமை வந்தான். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே, "பவா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கிர மாட்டியே?" என்றான்.

"கேளு."

"பேரை மட்டும் மாத்திக்கிருவமா? ராஜா நானுன்னு. மத்ததெல்லாம் நீயே பாரு. களஞ்சியம், வரி, அம்புட்டும். எனக்கு அதெல்லாம் வராதுன்னு ஒனக்கே தெரியும்."

"யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"கிண்டல் பண்றாய்ங்க. சித்தப்பா வேற போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, யாரு கால்லடா விழுந்து கெடக்கன்னு... விடு. கேமுதான?"

"கேமுதான்னா இருந்துட்டுப் போகட்டுமே."

அவன் பெஞ்சை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வேணும்னா நீ தனியாப் பிரிஞ்சு போயிரு" என்றேன். "கலகம் பண்ணு. நான் படை அனுப்ப மாட்டேன். ஒன் ஊரெல்லாம் ஒனக்கு."

"ஏய், நான் தனியாப் பாத்தேன்னா ரெண்டே அறுவடையில ஊரே பட்டினி கெடந்து செத்துரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் யோசித்தேன். அவன் கேட்பதில் தவறு இருக்கிறதா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று முதலில் பார்த்தேன். அவன் கெட்டவன் இல்லை. வீட்டில் அவனுக்கும் சிரமம். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல அந்தத் தெருப் பெயரை இரண்டு மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனையூர் வந்துவிட்டது, இறங்கினேன்.

மறுநாள் மாற்றினேன். பெயரை மட்டும் மாற்ற அந்த விளையாட்டில் வழி இல்லை. மணிமுடியையே ஒப்படைக்கத்தான் முடியும். பழைய நிலையைத் தனியாகச் சேமித்துவைக்கலாமா என்று நினைத்தேன். அது ஏமாற்றுவதுபோல் இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் ஊர்கள் எல்லாம் அவன் நிறத்துக்கு மாறின. புது ஆட்சியில் முதல் அவை கூடியது. என் பெயருக்குக் கீழே அந்தப் பொத்தான் வந்தது.

"அத அமுக்காத, தாண்டிப் போயிரு" என்றான்.

தாண்டிப் போக வழி இல்லை. அமுக்கினேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தான். என் பெயர் தெரியாமல் மேல்பாதியை மட்டும் எடுத்தான். அதை எனக்குக் காட்டவும் செய்தான்.

"ஒனக்கு எந்த ஊரு வேணும் பவா? சொல்லு, தாரேன்."

நல்ல மனதோடுதான் கேட்டான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் ஊர்களின் பெயர்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எங்கே கிணறு, எங்கே ஆலை என்று எனக்குத் தெரியும்.

"எதுவும் வேணாம்."

"அப்ப சரி, களஞ்சியத்தைப் பாரு. மேற்க ஏதோ செவப்பாக் காட்டுது." லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான்.

அதைத் திருப்பி அவன் பக்கமே வைத்தேன். "நீ பாரு."

"நீதான பாக்குறேன்னு சொன்ன?"

"நீ சொன்ன. நான் சொல்லலை."

அவன் என்னைப் பார்த்தான். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்திருப்பான். எனக்கே அது தெரியவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டதால் மாற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சார் வந்து பலகையில் நிதி ஆணையம் என்று தலைப்பு எழுதினார். நான் நோட்டைத் திறந்தேன். முத்துப்பாண்டி திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு குனிந்து, "இதுல மொதல்ல எதை அமுக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

நான் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அவன் எதையோ அமுக்கினான்.