நீல ஜன்னலுக்குப் பைன் மரம்

வைரக்கண்ணுவின் தலைமாட்டில் மனைவி ஞானாம்பாள் உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் மகள் கலைமகள். பந்தலின் தென்பக்கம் ஞானாம்பாளின் அண்ணன் துரைராசு. அவருக்கு எதிரே, கூத்தாநல்லூரிலிருந்து மாலையோடு வந்த மரக்கடை அஹமது கபீரும் அவர் மருமகன் தௌபீக்கும்.

நேற்று மடை திறக்கப் போன வைரக்கண்ணு வரப்பிலேயே சாய்ந்து உயிரை விட்டார். புது வீட்டு ஜன்னல்களுக்கு அவர் சொல்லச் சொல்லக் கலைமகள் எழுதிய அளவுச் சீட்டு இன்னும் அனுப்பப்படவில்லை. அளவுக்கு அறுத்த பிறகுதான் மரத்தைக் கரையான் மருந்துத் தொட்டியில் இறக்குவார்கள். பிறகு அறுத்தால் மருந்து ஏறாத உள்மரம் வெளியே வந்துவிடும். இந்த மரத்துக்குத் தொட்டி முறை நாளைக் காலை. தவறினால் வேறொருவருக்குப் போய்விடும், அப்பா பொறுக்கி வைத்த மரம்.

"எங்க மாப்பிள்ளை தலையில ஆப்பிள் பெட்டி செய்யற பைன் மரத்தைக் கட்டிட்டீங்களே, பாய்," என்றார் துரைராசு.

"முதல்ல தேக்குதான் காட்டினேன். நீலப் பெயின்ட் அடிக்கணும்னாரு. பெயின்டுக்குள்ள மறையிற மரத்துக்குத் தேக்கு எதுக்குன்னு நான்தான் சொன்னேன். முடிச்சு இருந்தாப் பிசின் கசியும்னதும், மத்தியானம் பூரா ஒவ்வொரு கட்டையாப் புரட்டிப் பாத்தாரு."

"நீலமா? பள்ளிக்கூடமா கட்டுறாரு?"

"உங்க தங்கச்சி கேட்டுச்சாம். கல்யாணமான வருஷம், தஞ்சாவூர் பஸ்ஸுல போறப்ப. ஏதோ ஒரு வீட்டைப் பாத்து, நீல ஜன்னல் நல்லாருக்குன்னு."

ஞானாம்பாள் நிமிர்ந்தாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்திய பேச்சு, கேட்டவளுக்கே மறந்துபோனது. கணவனின் கன்னத்தில் உட்கார்ந்த ஈயை முந்தானையால் ஓட்டினாள்.

"பதினாறு முடியட்டும் ஞானம்," என்றார் துரைராசு, குரலைத் தணித்து. "தேக்குலயே போட்டுடலாம். இப்ப வீட்டு வேலையப் பத்திப் பேசக்கூடாது."

"பேசலண்ணே. கலை, அப்பா சொன்ன அளவு எங்கடி?"

"இருக்கும்மா."

"உறையில ஒட்டிப் பாய்கிட்ட குடு."

கலைமகள் உள்ளே போய்ச் சீட்டை மறுபடி வாசித்தாள். கூடம் நான்கு, அடுப்படி ஒன்று, அறை இரண்டு. அப்பா போட்டிருந்த கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்: 'மாற்றம் எதுவும் இல்லை. உண்மையைச் சொல்லி மரம் கொடுத்தீர்கள். நன்றி.' உறையில் போட்டு, விளிம்பில் கோந்து தடவி அழுத்தினாள்.

கபீர் அதை வாங்கி மருமகனிடம் கொடுத்தார். "நீ கொண்டு போயி அறுக்கக் குடு. நான் தூக்குற வரைக்கும் இருக்கேன்."

தௌபீக் உறையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான். அவன் பைக் வாய்க்கால் பாலத்தில் ஏறி, நடவு வயல்களுக்கு நடுவே சிறுத்துக்கொண்டு போனது.