மாளிகைத் தோட்டத்தில் எள்ளும் நீரும்

சவுதியின் அல் கோபாரில் இருபது ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு அவர்களது நிறுவனம் அளித்த பரிசு, துணைவியருடன் வியன்னா சுற்றுலா. சென்ற ஆண்டு ஆனியில் தந்தை இறந்தபோது, ஆலையில் பராமரிப்பு வேலை நடக்கிறதென்று பொறியாளர் சேதுமாதவனுக்கு விடுப்பு மறுத்ததும் அதே நிறுவனந்தான். கும்பகோணத்தில் தம்பி கொள்ளி வைத்தான். அதன்பின் கிடைத்த விடுப்பு இதுதான். அதனுள் ஆடி அமாவாசையும் அடங்கியது. மூத்த மகன் கையால் ஒருமுறைகூட நீர் பெறாத தந்தைக்காக, சேதுமாதவன் தம் பெட்டியில் கறுப்பு எள் எடுத்துவைத்தார்.

அமாவாசையன்று பரோக் காலத்து அரச மாளிகைக்கு அழைத்துச் சென்றார்கள். பொன்முலாம் பூசிய கூடத்தில், உடன் பணிபுரியும் பத்மநாபன் கழுத்தை நிமிர்த்தி விதானத்தைப் பார்த்தார்.

"இந்த ஒரு ஹால்ல நம்ம கேம்ப் மொத்தத்தையும் படுக்கப் போடலாம் சார். ஏசிதான் மாஃபி, இல்லவே இல்ல."

சேதுமாதவன் சிரிக்கவில்லை. சாளரத்துக்கு அப்பால் தோட்டம் தெற்கு நோக்கி விரிந்திருந்தது. கோலமிட்டாற்போல் மலர்ப்பாத்திகள், அவற்றின் கோடியில், சூலம் ஏந்திய கடல் தெய்வத்தின் காலடியில் ஒரு தடாகம்.

"நளினி, நான் அங்கே போறேன்" என்றார் மனைவியிடம்.

"நானும் வரேங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம்."

தடாகத்தருகே காலணிகளைக் கழற்றி, உள்ளங்கையில் எள்ளை வைத்துக் குனிந்தார். விரல் நீரைத் தொடுமுன் காவலர் வந்து நின்றார். நீரில் கை வைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பணிவாகவே சொன்னார். சேதுமாதவன் எழுந்துகொண்டார். கை மூடியது.

"விடு நளினி. அப்பாவுக்குக் குடுப்பினை இல்ல."

"அவருக்கா, உங்களுக்கா?" என்றாள் நளினி. கைப்பையிலிருந்து குடிநீர்ப் புட்டியை எடுத்தாள். "இந்தத் தண்ணிய யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாது. கைய நீட்டுங்க."

காவலர் விலகி நின்றார். சரளைப் பாதையில் தெற்கு நோக்கி முழந்தாளிட்டார் சேதுமாதவன். நளினி ஊற்றினாள். தந்தையின் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. பாட்டன் பெயரில் தேறியது. கட்டைவிரல் வழியே எள்ளும் நீரும் இறங்கிக் கற்களினூடே மறைந்தன. கண்ணை மூடி, திருமுறை அடி ஒன்றை மெல்லச் சொல்லி வணங்கினார்.

பின்னால் காலடி கேட்டது.

"யல்லா சார், கிளம்புங்க, டிரைவர் ஹாரன் அடிச்சே பேட்டரிய தீத்துடுவான்…" என்று வந்த பத்மநாபன், ஈரச் சரளையைக் கண்டு நின்றார்.

பத்மநாபன் காலணியின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

"எள்ளு மிச்சம் இருக்கா சார்?"

"அப்பாவுக்கா?"

"அம்மாவுக்கு. எனக்கும் லீவு தரல."

சேதுமாதவன் எஞ்சிய எள்ளை அவர் கையில் கொட்டினார். நளினி புட்டியைச் சாய்த்தாள்.